கேமராவில் பதிந்த மான் மெலிந்திருக்கிறதா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

சேர்வராயன் மலை சேலத்தை நோக்கி இறங்கும் அடிவாரத்தில், பட்டா நிலமும் காப்புக்காடும் சந்திக்கும் எல்லையில், விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் நான்கு தானியங்கிக் கேமராக்களைக் கட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மெமரி கார்டுகளை எடுத்துப் பார்க்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இந்த ஆண்டுகளில் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். மாசி, பங்குனி பிறந்துவிட்டால் யாராவது ஒருவர் கைபேசியை நீட்டி, ஒரு புள்ளிமானின் படத்தைக் காட்டி, "எலும்பெல்லாம் தெரியுதுங்க, இது பிழைக்குங்களா?" என்று கேட்பார். பெரும்பாலான படங்களில் மான் நலமாகவே இருக்கும். சில படங்களில் உண்மையாகவே கோளாறு இருந்தது. ஆனால் அது கேட்டவர் விரல் வைத்த விலா எலும்பில் இல்லாமல், அவர் கவனிக்காத பின்புறத்திலோ தாடைக்கு அடியிலோ இருந்தது.

ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே, செலவில்லாமல் சரிபார்க்கக்கூடிய காரணத்தை முதலிலும் வனத்துறையையும் கால்நடை மருத்துவரையும் நாட வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கடைசிக் காரணத்திலிருந்து தொடங்கியவர்கள் தீவனத்தோடு காட்டுக்குள் போனதையும், அதனால் விளைந்த கேட்டையும் பார்த்திருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும்: முதலில் படத்தைச் சோதியுங்கள்

ஒரே படத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. கேமராவை அசைவை உணரும் ஒவ்வொரு முறையும் மூன்று படங்கள் எடுக்கும்படி அமைத்திருந்தால் மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் தெரிந்த குழிவு மூன்றாம் படத்தில் மறைந்தால் அது நிழலே தவிர உடலின் குறை அன்று. கேமராவின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்றும் பாருங்கள். பேட்டரி மாற்றும்போது தேதி பழைய நிலைக்குத் திரும்பிவிடும் கேமராக்கள் உண்டு; ஐப்பசி மழையில் எடுத்த படத்தைக் கோடையின் படமென்று எண்ணிவிட்டால் அதன் பிறகு செய்யும் கணிப்பு முழுவதும் பிசகிவிடும்.

கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். திருட்டுக்குப் பயந்து மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்தால், எந்த மானுக்கும் முதுகெலும்பு துருத்தியும் வயிறு ஒடுங்கியும் தெரியும். மானின் தோள் உயரத்தை ஒட்டி, அதாவது தரையிலிருந்து முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை, தடத்துக்குக் குறுக்காக, நான்கைந்து மீட்டர் தள்ளி வைத்த கேமராவின் படத்தைத்தான் உடல்நிலைக் கணிப்புக்கு நம்பலாம். கேமராவுக்கு மிக அருகில் வந்த மானின் முகம் பெருத்தும் பின்புறம் சிறுத்தும் தெரியும். அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மேக்னசைட் சுரங்கங்களை ஒட்டிய வெளிறிய மண் பின்னணியில் இருக்கும்போது, கேமரா அந்த வெண்மைக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொள்வதால் மானின் உடல் கருத்து, ஒவ்வொரு குழிவும் இருமடங்கு ஆழமாகத் தெரியும். அதே மான் செம்மண் தடத்தில் நடக்கும் படம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவுப் படங்களிலோ இதற்கு நேர்மாறான ஏமாற்று நடக்கும்: அகச்சிவப்பு விளக்கின் ஒளி நேராக உடலில் விழுந்து மேடுபள்ளங்களை மழுக்கிவிடுவதால், உண்மையில் மெலிந்த மானும் கொழுத்ததாகத் தெரியும்.

அறிகுறி 1: விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிகின்றன

அதிகம் பேரை அச்சுறுத்துவதும், அதனாலேயே அதிகம் தவறாக வாசிக்கப்படுவதும் இந்த அறிகுறிதான். புள்ளிமானின் முடி குட்டையானது. தோல் உடலோடு ஒட்டியது. நல்ல நிலையிலுள்ள மானும் மூச்சை இழுக்கும்போதோ கழுத்தை நீட்டி உடலைத் திருப்பும்போதோ இரண்டு மூன்று விலா எலும்புகளைக் காட்டும்.

காலை, மாலை வெயிலா? சூரியன் சாய்ந்து பக்கவாட்டில் ஒளி விழும் நேரமானால், நண்பகல் படத்தையோ மேகமூட்டமான நாளின் படத்தையோ தேடி ஒப்பிடுங்கள். ஒரு பங்குனி மாதக் காலையில் பதிவான இரண்டு படங்களைப் புதியவர்களுக்கு இன்றும் காட்டுகிறேன். முதல் படத்தில் ஒரு பெண்மான் உசிலை மரத்தடியில் பக்கவாட்டாக நிற்கிறது. வெயில் அதன் முதுகை உரசிச் செல்வதால் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பதினோரு விநாடி கழித்துப் பதிந்த இரண்டாம் படத்தில் அதே மான் இரண்டடி நகர்ந்து மரநிழலுக்குள் வந்துவிட்டது. வயிற்றின் பக்கம் வழவழவென்று இருக்கிறது, புள்ளிகளைத் தவிர வேறு எந்தக் கோடும் இல்லை. முதல் படம் மட்டும் கிடைத்திருந்தால் நானும் பதறியிருப்பேன்.

உடல் நனைந்திருக்கிறதா? மழையில் நனைந்த முடி படிந்து எலும்பைக் காட்டும். மார்கழிக் குளிரில் முடி சிலிர்த்து நிற்கும்போது இதற்கு மாறாக எலும்பு மறைந்து, மான் பருத்துத் தெரியும். அதனால் ஈரமான படத்தை உலர்ந்த படத்தோடு ஒப்பிட வேண்டாம்.

பால் கொடுக்கும் தாயா? பின்னங்கால்களுக்கிடையே மடி தெரிகிறதா, அதே தடத்தில் சில நிமிடங்களுக்குள் குட்டி வருகிறதா என்று பாருங்கள். பால் கொடுக்கும் மாதங்கள்தான் பெண்மானின் உடல் மிகவும் வற்றும் காலம். அப்போது விலா தெரிவது இயல்பு. இணைசேரும் பருவத்தைக் கடந்து வந்த ஆண்மானும் இப்படியே இருக்கும். அந்தப் பருவத்தில் அது மேய்வதைக் குறைத்து, பிற ஆண்களோடு மோதியும் பெண்மான்களின் பின்னால் அலைந்தும் சேர்த்து வைத்த கொழுப்பைச் செலவழித்துவிடுகிறது. கழுத்து பருத்தும் இடுப்பு ஒட்டியும் உள்ள, முதிர்ந்த கொம்புடைய ஆண்மானைப் பார்த்தால் முதலில் இதையே நினையுங்கள்.

இவை எதுவும் பொருந்தவில்லையா? அப்படியானால் விலாவை விட்டுவிட்டு அடுத்த அறிகுறிக்குச் செல்லுங்கள். விலாவை மட்டும் பார்த்து நான் எந்த மானையும் நலிந்தது என்று பதிவேட்டில் எழுதுவதில்லை.

அறிகுறி 2: இடுப்பெலும்பு துருத்தி, பின்புறம் குழிந்திருக்கிறது

உடல்நிலையை உள்ளபடி சொல்லும் இடம் இதுதான். இடுப்பெலும்பின் முனையிலிருந்து வால் அடி வரை மனத்தில் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்குக் கீழே சதை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்புறமாக உருண்டிருந்தால் நல்ல நிலை. கோட்டோடு தட்டையாக இருந்தால் நடுத்தர நிலை. உள்வாங்கிக் குழிந்து, வால் அடியின் இருபுறமும் பள்ளம் விழுந்து, முதுகெலும்பின் முடிச்சுகள் இடுப்புவரை வரிசையாகத் தெரிந்தால் மோசமான நிலை. மருத்துவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவார்கள். கேமராப் படத்தில் அவ்வளவு நுட்பமாகப் பிரிக்க முடியாது என்பதால் உருண்டது, தட்டை, குழிந்தது என்ற மூன்று சொற்களோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். இடது பக்கத்தில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே தெரியும் முக்கோணக் குழிவு உடல் மெலிவைக் காட்டுவதன்று. அன்றைக்கு இரைப்பை காலியாக இருப்பதை மட்டுமே அது காட்டும். மேய்ந்து திரும்பும்போது அது நிரம்பிவிடும். மாடு வளர்ப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். காலையில் ஒட்டிய வயிறு மாலையில் நிறைந்து வருவதை அவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

பின்புறம் உண்மையாகவே குழிந்திருந்தால், அடுத்து அந்த மான் மட்டும் இப்படி இருக்கிறதா, கூட்டமே அப்படியா என்று பிரித்துப் பாருங்கள்.

கூட்டம் முழுவதும் தட்டையாகவோ குழிந்தோ இருந்தால், காரணம் பெரும்பாலும் பருவம். எங்கள் அடிவாரத்தில் தை முதல் கோடைமழை வரை புல் காய்ந்து நிற்கும். உண்ணிச்செடி மண்டிய சரிவுகளில் காய்வதற்குப் புல்லே இல்லை, ஏனென்றால் அந்தச் செடி தன் அடியில் புல்லை வளரவிடாது. மழை பெய்து ஆறு வாரம் கழித்து அதே கேமராவின் படங்களைப் பாருங்கள். பின்புறம் தட்டைக்குத் திரும்பியிருந்தால் காடு தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். ஆவணி, புரட்டாசியில் பசுமை நிறைந்த பிறகும் கூட்டம் தேறவில்லை என்றால்தான் அது வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டிய செய்தி; அப்போது மூன்று மாதப் படங்களைத் தேதியோடு வரிசைப்படுத்திக் கொடுங்கள்.

கூட்டம் நன்றாக இருந்து ஒரு மான் மட்டும் குழிந்திருந்தால், வயது, பல் தேய்வு, குடற்புழு, பழைய காயம் ஆகியவற்றை இந்த வரிசையில் எண்ணிப் பாருங்கள். முகம் நீண்டு, முதுகு நடுவில் தொய்ந்து, கூட்டத்தின் பின்னால் தனியே வரும் கிழமானுக்கு மருத்துவம் எதுவும் தேவையில்லை. இளம் மான் இப்படி இருந்தால் அறிகுறி 4-ஐயும் 5-ஐயும் உடனே பாருங்கள்.

தீவனம் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் வரும். வைக்காதீர்கள். காய்ந்த தழைக்குப் பழகிய இரைப்பையில் அரிசியோ தவிடோ சோளமோ திடீரென விழுந்தால் அது புளித்து, அமிலம் பெருகி, பசியால் சாகாத மானையும் கொன்றுவிடும். ஒரே இடத்தில் மான்கள் குவிவதால் புழுத்தொற்றும் பெருகும், தெருநாய்களும் வந்து சேரும். தவிர, புள்ளிமான் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. அதைப் பிடிக்கவோ மருந்து கொடுக்கவோ நமக்கு உரிமை இல்லை.

அறிகுறி 3: வயிறு பெருத்திருக்கிறது

சினையாக இருந்தால் வயிறு கீழ்நோக்கித் தாழ்ந்து, இருபுறமும் ஏறத்தாழ ஒரே அளவில் அகன்றிருக்கும். புள்ளிமானின் சினைக்காலம் ஏறக்குறைய எட்டு மாதம் என்பதால் வாரக் கணக்கில் மெல்ல வளர்வதைத் தொடர் படங்களில் காணலாம். நிறைய மேய்ந்த வயிறாக இருந்தால் மறுநாள் குறைந்துவிடும். இடது பக்கம் மட்டும் மேலே, முதுகெலும்பை ஒட்டிப் பந்துபோல் எழும்பி, மான் கால்களை அகற்றி நின்றிருந்தால் அது வயிற்று உப்புசம். நேரம் கடந்தால் பிழைக்காது. அன்றைய படமானால் உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பத்து நாள் பழைய படமானால் அடுத்த படங்களில் அதே மான் வருகிறதா என்று தேடுங்கள்.

வயிறு பெருத்தும் பின்புறம் குழிந்தும் ஒரே மானில் தெரிந்தால் அது நல்ல அறிகுறி அன்று. புழுவோ, வயிற்றில் நீர் கோத்திருப்பதோ, பிளாஸ்டிக் அடைப்போ காரணமாக இருக்கலாம். ஏற்காட்டின் கோடை விழாவை ஒட்டிய வாரங்களில் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலிருந்தும் கீழே எறியப்படும் உணவுப் பொட்டலங்கள் சரிவில் உருண்டு எங்கே சேர்கின்றன என்பதை ஓடைகளில் இறங்கிப் பார்த்தவர்கள் அறிவார்கள். உப்பும் எண்ணெயும் ஒட்டிய பையை மான் பையோடு சேர்த்தே தின்கிறது. படத்தில் இதை உறுதிசெய்ய முடியாது. ஆனால் கேமரா இருக்கும் ஓடையில் குப்பை சேர்ந்திருப்பதைப் படமெடுத்து மானின் படத்தோடு சேர்த்துக் கொடுத்தால், துப்புரவுக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்பது எளிதாகிறது.

அறிகுறி 4: தாடைக்கு அடியில் வீக்கம்

அசைபோடும்போது கன்னம் உப்புவதை வீக்கமென்று எண்ணக்கூடாது. அது அடுத்த படத்தில் மறுபுறம் மாறியிருக்கும். தாடை எலும்புக்கு நேர் கீழே, தண்ணீர் நிறைத்த பை தொங்குவதுபோல் மென்மையாக, மூன்று நான்கு நாள் படங்களிலும் மாறாமல் இருந்தால் அது நீர்க்கோப்பு. ஆட்டுக் கிடை வைத்திருப்பவர்களிடம் காட்டினால் பார்த்தவுடன் "தாடை வீங்கிருச்சு, புழு" என்பார்கள். இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவாலோ ஈரல் தட்டைப்புழுவாலோ இரத்தம் வற்றியதன் அடையாளம் இது. மேய்ந்து தலை தாழ்த்தி வரும் நேரத்தில் வீக்கம் கூடுதலாகத் தெரியும்.

ஒரு மானில் மட்டும் கண்டால் குறித்து வையுங்கள். ஒரே தண்ணீர்த் துறைக்கு வரும் இரண்டு மூன்று மான்களில் கண்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அந்தத் தண்ணீர்த் துறையில் ஆடுமாடுகளும் தண்ணீர் குடிக்குமானால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அப்போது மருந்து கொடுக்க வேண்டியது மானுக்கு அன்று, ஊரின் ஆடுமாடுகளுக்குத்தான். அதை உள்ளூர்க் கால்நடை மருந்தகமே செய்துவிடும்.

அறிகுறி 5: தோலில் திட்டு, முடி உதிர்வு, இரத்தம்

கேமராவில் கடமான் வந்து, அதன் கழுத்தின் கீழ்ப்பகுதியில் முடியற்ற சிவந்த வட்டம் கசிவோடு தெரிந்தால் அது காயமன்று. வளர்ந்த கடமான்களில், குறிப்பாக இணைசேரும் பருவத்தில், இயல்பாகத் தோன்றும் சுரப்பி சார்ந்த இடம் அது. கண்ணுக்கு முன்னால் கிழிந்ததுபோல் திறந்திருக்கும் பள்ளமும் அப்படியே. கடமானும், கேளையாடு என்ற சிறு மானும் விழிப்படையும்போது கண்முன் சுரப்பியை அகலத் திறக்கும்.

ஆண்மானின் கொம்பிலிருந்து இரத்தம் தோய்ந்த நார்கள் தொங்கினால், வளர்ச்சி முடிந்த கொம்பின் மேல்தோலை அது மரத்தில் உரசி உரிக்கிறது என்று பொருள். நம் பகுதிப் புள்ளிமான்களில் ஆண்டின் எந்த மாதத்திலும் இதைக் காணலாம். ஒரு பக்கக் கொம்பு மட்டும் கோணியிருந்தால், அதற்கு எதிர்ப்புறப் பின்னங்காலில் பழைய காயம் இருக்கிறதா என்று பாருங்கள்; மான்களில் இந்தத் தொடர்பு உண்டு.

காதோரத்திலும் வால் அடியிலும் உண்ணிகள் மணிமணியாகத் தெரிவது பொதுவானது; பின்புறம் உருண்டிருந்தால் கவலை இல்லை. முடி கொட்டி, தோல் தடித்து மடிந்து, மான் ஓயாமல் உரசிக்கொண்டிருந்தால் சொறி. தொடையிலும் வயிற்றின் பின்பகுதியிலும் கிழிசல் இருந்தால் நாய்க்கடி. அதே கேமராவில் முந்தைய இரவு நாய்கள் பதிந்திருக்கின்றனவா என்று பின்னோக்கித் தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

அறிகுறி 6: நொண்டுகிறது, அல்லது உடலில் கம்பி

ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கும் ஒரே படத்தால் எதுவும் தெரியாது. நடக்கும் எந்த மானும் ஒரு காலைத் தூக்கித்தான் வைத்திருக்கும். காணொளி முறைக்கு மாற்றி ஒரு வாரம் பாருங்கள். முள் குத்திய நொண்டல் பத்துப் பதினைந்து நாளில் குறையும். பல மான்கள் ஒரே வாரத்தில் நொண்டி, வாயில் எச்சில் நூலாக ஒழுகினால் கோமாரியாக இருக்கலாம். அன்றே தெரிவியுங்கள், ஊர் மாடுகளைக் காட்டோரம் ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கழுத்திலோ காலிலோ ஒரு கோடு உடலைச் சுற்றி இறுக்கி, அதன் இருபுறமும் சதை வீங்கியிருந்தால் அது சுருக்குக் கம்பி. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கம்பி தெரியாது. முடி இருபுறமும் பிரிந்து நிற்கும் மெல்லிய வகிடுதான் தெரியும். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கிலும் மான் மாட்டும். இந்தப் படத்தை எந்தக் குழுவிலும் பகிராதீர்கள்; இடம் தெரிந்தால் சுருக்கு வைத்தவர் அதை எடுத்துவிடுவார், தடயம் போய்விடும். மெமரி கார்டோடு நேரே வனச்சரக அலுவலகத்துக்குச் செல்லுங்கள். ஆள் திரட்டிப் பிடிக்க முயல வேண்டாம்: துரத்தப்பட்ட மான், காயத்தால் சாகாவிட்டாலும், ஓட்டத்தாலும் அச்சத்தாலும் தசைகள் சிதைந்து சில மணி நேரத்திலோ சில நாளிலோ இறந்துவிடக்கூடும். மயக்க ஊசி போட்டுக் கம்பியை அகற்றுவது வனத்துறையின் கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி 7: பகலில் நிலைதடுமாறி நிற்கிறது, அல்லது இறந்து கிடக்கிறது

இதற்கு எளிய காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே இடத்தைச் சுற்றுவது, மனிதரைக் கண்டும் விலகாமல் நிற்பது, காரணமின்றி மோத வருவது ஆகியவை தெரிந்தால் வெறிநோய் என்றே கருதி, யாரையும் அருகில் விடாமல், உடனே தெரிவியுங்கள்.

இறந்த மான் வயிறு உப்பிக் கிடந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கரிய இரத்தம் தெரிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தொடாதீர்கள், புரட்டாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள். உடலைத் திறந்தால் அந்தக் கிருமி பல ஆண்டுகள் மண்ணில் தங்கிவிடும். ஆடுமாடுகளையும் நாய்களையும் அந்தப் பக்கம் விடாமல் ஒருவரைக் காவல் நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். மாதிரி எடுப்பதும் உடலை எரிப்பதோ சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைப்பதோ அவர்கள் அழைத்து வரும் மருத்துவரின் பொறுப்பு. கேமராவை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டு வையுங்கள். கடைசி இரண்டு நாட்களில் அந்த மான் எப்படி நடந்தது, என்ன தின்றது, அருகில் வேறு எந்த விலங்கு வந்தது என்று மருத்துவர் கேட்கும்போது காட்டுவதற்கு அந்த மெமரி கார்டு தேவைப்படும்.